வைக்கோல் ஊறலில் ஒருசெல் உயிரிகளை வளர்த்துப் பார்ப்பது எப்படி

பாரமீசியம் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவது பாடநூலில் உள்ள படம்தான்: செருப்பின் அடித்தடம் போன்ற ஓர் உருவம், விளிம்பெங்கும் மயிர்போன்ற இழைகள், உள்ளே பெரிதும் சிறிதுமாக இரண்டு உட்கருக்கள். நான் படித்த பள்ளியின் ஆய்வகத்தில் காட்டப்பட்டதும், சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிவைக்கப்பட்ட, என்றோ இறந்துபோன ஒரு பாரமீசியம்தான். அது எப்படி நீந்தும், எதை உண்ணும், வழியில் தடை எதிர்ப்பட்டால் என்ன செய்யும் என்பவையெல்லாம் எங்களுக்கு மனப்பாடம் செய்து எழுதும் விடைகளாகவே இருந்தன. உயிருள்ள ஒருசெல் உயிரிகளைப் பார்ப்பதற்குப் பெரிய ஆய்வகமோ விலை மிகுந்த கருவியோ தேவையில்லை. ஒரு பிடி வைக்கோல், இரண்டு சாடிகள், ஒரு குவளை குளத்து நீர், பள்ளிகளில் பயன்படும் சாதாரண நுண்ணோக்கி, மூன்று வாரப் பொறுமை ஆகியவை இருந்தால் போதும். இவற்றுள் கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் குறைந்துபோகிறது. மூன்றாம் நாளில் எழும் நாற்றத்தைக் கண்டு, கெட்டுவிட்டது என்று சாடியைக் கொட்டிவிடுபவர்கள் பலர்.

இந்த முறைக்கு ஏறத்தாழ 350 ஆண்டு வயது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் துணி வணிகம் செய்த ஆன்டனி வான் லீவன்ஹுக், மிளகின் காரம் எதனால் உண்டாகிறது என்று அறியும் ஆவலில், 1676-இல் மிளகைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரைத் தாமே செய்துகொண்ட ஒற்றை லென்ஸ் நுண்ணோக்கியால் பார்த்துவந்தார். காரத்தின் காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. நீரெங்கும் நீந்தித் திரிந்த சிற்றுயிர்கள் கண்ணில் பட்டன. அவ்வாண்டு அக்டோபரில் லண்டனிலுள்ள ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகத்துக்கு அவர் எழுதியனுப்பியதை நம்புவதற்குப் பலர் தயங்கினார்கள். அடுத்த ஆண்டு ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் அதேபோல் மிளகுநீர் ஊறவைத்துப் பிறருக்கும் காட்டிய பின்னரே ஐயம் தீர்ந்தது. ஊறல் நீரில் தோன்றுவதனால் இவ்வுயிரிகளுக்கு 'இன்ஃபுசோரியா' என்ற பெயர் 18ஆம் நூற்றாண்டில் வழங்கலாயிற்று. அறிவியல் வகைப்பாட்டிலிருந்து அந்தப் பெயர் எப்போதோ நீங்கிவிட்டாலும், பொரித்து வந்த மீன்குஞ்சுகளுக்கு முதல் தீனியாக இதே ஊறலை வளர்த்துக் கொடுக்கும் வண்ணமீன் வளர்ப்போர் இன்றும் 'இன்ஃபுசோரியா' என்றே சொல்கிறார்கள். சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் மீன் வளர்ப்பவர் எவரேனும் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், ஊறல் வைக்கும் நுட்பத்தைப் பற்றி அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கைப்பழக்கத்தில் வந்த அறிவு அது.

தொடங்குமுன் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். வைக்கோலைத் தண்ணீரில் போட்டு வைத்தாலே பாரமீசியம் வந்துவிடும் என்று பல குறிப்புகளில் எழுதியிருப்பார்கள். வைக்கோலில் ஒட்டியிருப்பவை, வறட்சி வந்தபோது தம்மைச் சுற்றிக் கெட்டியான உறை ஒன்றை உண்டாக்கிக்கொண்டு உறங்கும் உயிரிகளே. கோல்போடா என்னும் சிற்றுயிரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாரமீசியம் அத்தகைய உறையை உண்டாக்குவதில்லை, காய்ந்தால் இறந்துவிடும். ஆகவே அது சாடிக்குள் வர வேண்டுமானால் ஏற்கெனவே அது வாழும் குளத்திலிருந்தோ குட்டையிலிருந்தோ நீர் கொண்டுவந்து சேர்த்தாக வேண்டும். வைக்கோல் உணவுக்கு மூலம். குளத்து நீர் உயிரிகளுக்கு மூலம். இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்த்துத் தெளிவதற்காகத்தான் இரண்டு சாடிகள் வைக்கச் சொல்கிறேன்.

சாடிகளைத் தயாரித்தல்

ஒரு லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும், வாய் அகன்ற கண்ணாடிச் சாடிகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பும் பாத்திரம் துலக்கும் நீர்மங்களும் துளி எஞ்சியிருந்தாலும் இவ்வுயிரிகளைக் கொன்றுவிடும் என்பதால், வெந்நீரை மட்டும் ஊற்றிப் பலமுறை அலசுவது பாதுகாப்பானது. தண்ணீருக்கு மழைநீர் மிகச் சிறந்தது. குழாய்நீரைப் பயன்படுத்துவதாயின், அதில் கலந்துள்ள குளோரின் வெளியேறும்படி ஒரு நாள் முழுவதும் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்திருந்து பிறகு எடுத்துக்கொள்ள வேண்டும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம்.

வைக்கோல், பூச்சிமருந்து தெளிக்காத வயலிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் மருந்து படாத இடத்தில் வளர்ந்து தானாகக் காய்ந்த புல்லை எடுத்துக்கொள்ளலாம். பத்து கிராம் அளவு வைக்கோலைச் சுண்டுவிரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் இட்டுப் பத்து முதல் பதினைந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். நீர் வெளிறிய தேநீரின் நிறத்துக்கு வரும். கொதிக்க வைப்பதன் நோக்கம் இரண்டு: வைக்கோலில் உள்ள சர்க்கரையும் பிற சத்துகளும் நீரில் இறங்குகின்றன, வைக்கோலோடு வந்த உயிரிகளில் பெரும்பான்மை அழிந்துவிடுகின்றன.

பெரும்பான்மை என்று சொன்னேனேயன்றி, எல்லாம் என்று சொல்லவில்லை. வைக்கோலில் எப்போதும் காணப்படும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியம், கொதிநீரையும் தாங்கும் வித்துகளை உண்டாக்கும். உயிர் தானாகவே தோன்றுமா என்ற பெரிய விவாதம் ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்த காலத்தில், வைக்கோல் ஊறல் ஆய்வாளர்களைத் தொடர்ந்து குழப்பியதற்குக் காரணம் இந்த வித்துகள்தாம். கொதிக்க வைத்து மூடிய ஊறலிலும் மீண்டும் உயிர் தோன்றுவதைக் கண்டவர்கள், அது தானாகத் தோன்றியது என்று வாதிட்டார்கள். 1876-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மானிய உயிரியலாளர் ஃபெர்டினாண்ட் கோன் வித்துகளை அடையாளம் கண்டு விளக்கினார்; அதே காலத்தில் இயற்பியலாளர் ஜான் டின்டால், ஒரே மூச்சில் நெடுநேரம் கொதிக்க வைப்பதைவிட, இடையிடையே வித்துகள் முளைக்கும்படி காலம் கொடுத்துப் பலமுறை சூடாக்கினால் ஊறல் முற்றிலும் தூய்மையாகிவிடும் என்று செய்துகாட்டினார். நமக்கோ முற்றிலும் தூய்மையான ஊறல் தேவையில்லை. கொதியைத் தாங்கிப் பிழைத்துவரும் பாக்டீரியங்களும், காற்றிலிருந்து வந்து விழும் பாக்டீரியங்களும்தாம் பின்னர் வரப்போகும் உயிரிகளுக்கு உணவு.

ஆறிய ஊறலை வைக்கோலோடு சேர்த்து முதல் சாடியில் ஊற்றி, மெல்லிய பருத்தித் துணியால் வாயை மூடி, ரப்பர் வளையம் போட்டு இறுக்கிவிடுங்கள். காற்று போய்வர வேண்டும். ஆனால் கொசு நுழையக் கூடாது. இதில் அசட்டை காட்டவே கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, திறந்து கிடக்கும் சிறிதளவு நீரிலும் முட்டையிடும். தேங்கிய இலைதழை நீர் அதற்கு மிகவும் பிடித்தமானது. இரண்டு நாள் கழித்து ஊறல் கலங்கத் தொடங்கியதும், நூறு மில்லிலிட்டர் குளத்து நீரைச் சேருங்கள். இரண்டாவது சாடியில், கொதிக்க வைக்காத வைக்கோலை அதே அளவு எடுத்து, கொதித்து ஆறிய வெறும் தண்ணீரை ஊற்றி, அதேபோல் மூடி வையுங்கள். அதில் குளத்து நீர் சேர்க்கக் கூடாது. வைக்கோல் தன்னோடு எவற்றைக் கொண்டுவந்தது என்பதை இந்தச் சாடி சொல்லும்.

குளத்து நீரை எங்கிருந்து, எப்படி எடுக்கிறோம் என்பதில் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. நடுக்குளத்தின் தெளிந்த நீரில் அதிகம் கிடைக்காது. கரையோரம் ஆழம் குறைந்த இடத்தில், அழுகிய இலைகளுக்கும் நீர்ச்செடிகளின் தண்டுகளுக்கும் இடையிலிருந்து, சிறிது சேற்றோடும் இலைத் துணுக்குகளோடும் அள்ள வேண்டும். அல்லித் தண்டின் மேல் படிந்திருக்கும் வழவழப்பான படலத்தை விரலால் வழித்துச் சேர்ப்பது மிகவும் பயன்தரும். சாக்கடை கலந்த நீரையும் ஆலைக்கழிவு கலந்த நீரையும் தொடவே வேண்டாம்.

பாதுகாப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொட்டுக்குழாயை ஒருபோதும் வாயால் உறிஞ்சக் கூடாது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா ஃபௌலேரி என்னும் அமீபா, நீரோடு மூக்குக்குள் ஏறினால் மூளையைத் தாக்கும். அரிதாக நேர்வது என்றாலும் உயிருக்கே ஆபத்தானது. அகாந்தமீபா என்னும் வேறொரு வகை, கண்ணில் பட்டுக் கருவிழியைப் புண்ணாக்கக்கூடும். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் இவ்வேலையின்போது மூக்குக்கண்ணாடிக்கு மாறிக்கொள்ள வேண்டும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை அணிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கைகளைக் கழுவுங்கள். சமையலறை மேடையில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

காத்திருக்கும் நாட்கள்

சாடிகளை நேர்வெயில் படாத, ஓரளவு வெளிச்சமுள்ள மூலையில் வையுங்கள். முதலில் நீர் பால்கலங்கலாகும், நாற்றம் எழும், மேற்பரப்பில் வெண்படலம் ஒன்று படரும். ஊறல் கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. கோடிக்கணக்கில் பெருகிய பாக்டீரியங்கள் தாம் அந்தக் கலங்கலும் படலமும்; இந்த மேய்ச்சல் நிலம் உண்டான பிறகுதான் மேய்பவை வர முடியும். ஒரு வாரம் கழிந்தபின் நாற்றம் குறைந்து, மழை நனைத்த மண்ணின் வாசத்தை ஒத்த மணமாக மாறும். அவ்வாறு மாறாமல் நாளுக்கு நாள் முட்டை அழுகிய நாற்றம் மிகுந்து நீர் கறுத்தால், வைக்கோல் அளவுக்கு மீறிவிட்டது, நீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று அறியலாம். அப்போது பாதி வைக்கோலை எடுத்துவிட்டு, பாதி நீரையும் மாற்ற வேண்டும்.

சாடிக்குள் உயிரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பெருகுவதில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லோராண்ட் உட்ரஃப், வைக்கோல் ஊறல்களைத் தொடர்ந்து எண்ணிப் பார்த்து, அவை ஓர் ஒழுங்கில் அடுத்தடுத்து உச்சத்தை எட்டுகின்றன என்று 1912-இல் வெளியிட்டார். முதலில் சாட்டைபோன்ற கசையிழை கொண்ட மிகச் சிறிய உயிரிகள், அடுத்துக் கோல்போடா, பின்னர், நீரடியில் நடப்பவைபோல் இழைக்கற்றைகளை ஊன்றிச் செல்லும் ஸ்டைலோநிக்கியா போன்றவை, அதன்பின் பாரமீசியம், பிறகு மணி வடிவ வோர்ட்டிசெல்லா, இறுதியில் அமீபா. உங்கள் சாடியில் இந்த வரிசை அப்படியே அமையும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. எந்தக் குளத்தின் நீர், எந்தப் பருவம், எவ்வளவு வெப்பம் என்பவற்றைப் பொறுத்து அது மாறும். ஆயினும் ஒன்றின் வளர்ச்சி அடுத்ததற்கு இடம் செய்துகொடுப்பதை நீங்களே காணலாம். ஆகையால் முதல் நாள் தொடங்கி ஒரு குறிப்பேட்டில் தேதி, நிறம், மணம், படலத்தின் தடிப்பு, சாடியின் எந்த இடத்தில் எடுத்த சொட்டு, அதில் கண்டவை ஆகியவற்றை எழுதி வாருங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் வரைந்து, எப்படி நகர்ந்தது என்று ஒரு வரி எழுதினால் போதும். பெயரைத் தேடிப் பிடிப்பதைவிட நகர்வை எழுதிவைப்பது முதன்மையானது என்பது என் கருத்து. நகர்வை வைத்துப் பெயரைப் பின்னர் எளிதில் கண்டுபிடித்துவிடலாம், பெயரை வைத்து நகர்வைக் கண்டுபிடிக்க முடியாது.

சொட்டு எடுத்தலும் நுண்ணோக்கியை அமைத்தலும்

ஒரே சாடியில் மூன்று வேறு ஊர்கள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மேற்படலத்துக்குச் சற்றுக் கீழே பாரமீசியங்கள் கூட்டமாக இருக்கும். புவியீர்ப்புக்கு எதிராக மேல்நோக்கி நீந்தும் இயல்பு அவற்றுக்கு உண்டு. வைக்கோல் துண்டுகளின் மேல் வோர்ட்டிசெல்லா காம்பூன்றி நிற்கும். அடியில் படிந்த வண்டலில் அமீபாக்கள் ஊரும். சாடியைக் கலக்கிவிட்டுச் சொட்டு எடுப்பவர்களுக்கு இம்மூன்றும் கலந்து, எதுவுமே சரியாகக் கிடைக்காது. சொட்டுக்குழாயின் குமிழை முதலில் அழுத்திக்கொண்டு, வேண்டிய இடத்துக்கு முனையைக் கொண்டுபோய், மெதுவாக விட வேண்டும்.

கண்ணாடித் தகட்டில் ஒரு சிறு சொட்டு விட்டு, சொட்டின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பின் நான்கு மூலைகளிலும் கடுகளவுக்கும் குறைவாக வாசலின் தடவி மேலே வையுங்கள். இந்த நான்கு கால்கள் இல்லாவிட்டால் கண்ணாடியின் எடையே பெரிய உயிரிகளை நசுக்கிவிடும். நான்கு விளிம்பிலும் வாசலின் பூசி அடைத்துவிட்டால் சொட்டு காயாமல் நெடுநேரம் தாங்கும்.

தொடக்கத்தில் இருப்பவர்கள் செய்யும் பிழைகள் இரண்டு: மிகுந்த உருப்பெருக்கத்தில் தொடங்குவது, மிகுந்த வெளிச்சத்தில் பார்ப்பது. பத்து மடங்கு கண்ணருகு லென்ஸும் நான்கு மடங்கு பொருளருகு லென்ஸும் சேர்ந்து 40 மடங்கில் பார்க்கும்போது, வழக்கமான பள்ளி நுண்ணோக்கியில் நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த அகலம் தெரியும். 400 மடங்குக்குப் போனால் தெரியும் அகலம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பாரமீசியம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீந்தக்கூடியது. ஆகவே 400 மடங்கில் அது அரை நொடியில் பார்வைக்கு அப்பால் சென்றுவிடும். 40 மடங்கில் கண்டுபிடித்து, 100 மடங்கில் பழகி, அது நின்று மேயும்போது மட்டும் 400 மடங்குக்குப் போங்கள். தட்டின் கீழுள்ள ஒளித்துளையைச் சுருக்கிக்கொள்ளவும் வேண்டும். இவ்வுயிரிகள் கண்ணாடிபோல் தெளிந்தவை என்பதால், வெள்ளமாகப் பாயும் வெளிச்சத்தில் அவற்றின் விளிம்பே தெரியாது. ஒளியைக் குறைக்கக் குறைக்க, ஒன்றுமில்லை என்று நினைத்த சொட்டில் உருவங்கள் எழுந்துவரும்.

அளவை அறிவதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அளவுகோலைத் தட்டில் வைத்து, 40 மடங்கில் பார்வை வட்டத்தின் குறுக்கே எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். 100 மடங்கில் அது இரண்டரையில் ஒரு பங்காகவும், 400 மடங்கில் பத்தில் ஒரு பங்காகவும் குறையும். பிறகு, பார்க்கும் உயிரி வட்டத்தின் எத்தனையில் ஒரு பங்கு என்று மதிப்பிட்டாலே அதன் நீளம் கிடைத்துவிடும். நன்கு வளர்ந்த பாரமீசியம் காடேட்டம் கால் மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். கறுப்புத் தாளைப் பின்னால் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் சாடியைப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கே வெண்தூசிகளாக அவை நகர்வது தெரியும். நுண்ணோக்கி இல்லாதவர்கள், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்னும் காகித நுண்ணோக்கியைப் பயன்படுத்தலாம். அதன் 140 மடங்கு உருப்பெருக்கம் இவ்வேலைக்குத் தாராளமாகப் போதும்.

பாரமீசியத்தோடு ஒரு மாலைப்பொழுது

குளத்து நீர் சேர்த்த சாடியில் இரண்டாம் வாரத்தின் முடிவில் பாரமீசியம் நிறைந்திருக்க வாய்ப்பு மிகுதி. அதை ஓடவிட்டே முதலில் பாருங்கள். தன் நீள அச்சைச் சுற்றிச் சுழன்றுகொண்டே, திருகாணி இறங்குவதுபோல் முன்னேறும். வைக்கோல் துணுக்கில் மோதினால், சட்டென்று பின்வாங்கி, சற்றுத் திரும்பி, வேறு கோணத்தில் மீண்டும் முன்னேறும். அங்கும் தடை இருந்தால் மறுபடியும் பின்வாங்கும், மறுபடியும் கோணம் மாற்றும். மோதிய கணத்தில் அதன் மேற்சவ்வில் உள்ள வாயில்கள் திறந்து கால்சியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அதனால் உடலை மூடியுள்ள மயிர்போன்ற குறு இழைகளின் துடிப்புத் திசை தலைகீழாகிறது. கால்சியம் வெளியேற்றப்பட்டதும் பழைய திசை திரும்புகிறது. நம் நரம்பிலும் தசையிலும் நடக்கும் மின்மாற்றத்துக்கு உறவான நிகழ்ச்சி, நரம்பே இல்லாத ஒற்றைச் செல்லில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை அந்தக் கணத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அதை நிறுத்த வேண்டும். பஞ்சை மிக மெல்லியதாகப் பிரித்து, நான்கைந்து இழைகளைச் சொட்டில் போட்டு மூடினால், இழைகளுக்கிடையே உள்ள சிறு கட்டங்களில் உயிரிகள் அடைபட்டு மெதுவாகும். மெத்தில் செல்லுலோஸின் இரண்டு சதவீதக் கரைசல் கிடைத்தால் ஒரு துளி சேர்க்கலாம். குழைவான நீரில் அவை சோம்பி நகரும்.

இப்போது 400 மடங்கில், உடலின் இரு முனைகளுக்கும் அருகே ஒவ்வொன்றாக இரண்டு தெளிந்த வட்டங்களைத் தேடுங்கள். அவை சுருங்கு நுண்குமிழ்கள். ஒவ்வொன்றையும் சுற்றி நட்சத்திரக் கதிர்கள்போல் சிறு கால்வாய்கள் இருக்கும். கால்வாய்கள் நிரம்பும், நடுவட்டம் பெருக்கும், திடீரென்று காணாமற்போகும், மீண்டும் பெருக்கும். செல்லுக்குள் இருக்கும் கரைபொருள்களின் செறிவு குளத்து நீரைவிட மிகுதியானதால், சவ்வூடு பரவல் வழியாக நீர் ஓயாமல் உள்ளே நுழைகிறது. அதை இறைத்து வெளியேற்றாவிட்டால் செல் வீங்கி வெடித்துவிடும். ஒரு குமிழைக் குறிவைத்து, ஐந்து நிமிடத்தில் எத்தனை முறை சுருங்குகிறது என்று எண்ணுங்கள். பிறகு நூறு மில்லிலிட்டர் நீரில் கால் கிராம் சமையல் உப்பைக் கரைத்து, ஊறல் ஒரு பங்கும் உப்புநீர் ஒரு பங்குமாகக் கலந்து புதிய சொட்டு வைத்து, சற்று நேரம் விட்டு மீண்டும் எண்ணுங்கள். வெளியே உப்பு மிகும்போது உள்ளே நுழையும் நீர் குறைகிறது, இறைப்பும் தளர்கிறது. சவ்வூடு பரவலைப் பற்றி இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. எண்ணிக்கை உங்கள் கையெழுத்தில் இருக்கும்.

உண்பதைக் காண்பதற்குச் சிறிது தயாரிப்பு வேண்டும். பத்து மில்லிலிட்டர் நீரில் மூன்று கிராம் ஈஸ்டையும் முப்பது மில்லிகிராம் காங்கோ சிவப்புச் சாயத்தையும் கலந்து, பத்து நிமிடம் மெல்லிய தீயில் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். இச்சாயம் தோலில் படுவது நல்லதன்று. கையுறை அணியுங்கள், சிறுவர்கள் கையில் கொடுக்காதீர்கள். பல்குத்தும் குச்சியின் முனையில் தொட்டு எடுத்த அளவு ஈஸ்டைப் பாரமீசியச் சொட்டில் சேர்த்துப் பாருங்கள். உடலின் பக்கத்தில் சாய்வாக ஓடும் வாய்ப்பள்ளத்துக்குள் குறு இழைகள் நீரோட்டத்தை உண்டாக்கி, சிவந்த ஈஸ்டுச் செல்களை இழுத்துச் செல்லும். பள்ளத்தின் அடியில் அவை உருண்டையாகச் சேர்ந்து, உணவுக் குமிழாகப் பிரிந்து, செல்லுக்குள் பயணம் புறப்படும். காங்கோ சிவப்பு, அமிலம் மிகும்போது நீலமாகும் சாயம். சில நிமிடங்களில் சிவப்புக் குமிழ்கள் நீலச்சாயல் கொள்வதையும், அமிலத்தன்மை தணிந்தபின் மீண்டும் செம்மைக்குத் திரும்புவதையும் காணலாம். வயிறு என்ற உறுப்பே இல்லாத உயிரியில் வயிற்றின் வேலை நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் எரன்பெர்க், இவ்வாறே நிறத்துகள்களை ஊட்டிப் பார்த்து, குமிழ் ஒவ்வொன்றையும் ஒரு வயிறு என்று கருதினார். அந்த முடிவு தவறு. ஆனால் ஊட்டிப் பார்த்த முறை இன்றும் நம்மிடம் இருக்கிறது.

நடுவில் இடுப்பு ஒடுங்கிய பாரமீசியத்தைக் கண்டால், அதை விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டிருங்கள். குறுக்காகப் பிளந்து இரண்டாகப் போகிறது. இரண்டு பாரமீசியங்கள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே நீந்தினால், அது பிளத்தல் அன்று, இணைவு. சிறு உட்கருவின் பகுதிகளை அவை தமக்குள் மாற்றிக்கொள்கின்றன. ஒட்டியிருக்கும் நேரம் பல மணி நீளும். பிளத்தலில் ஒன்று இரண்டாகிறது. இணைவில் எண்ணிக்கை கூடுவதில்லை, மரபுப்பொருள் கலக்கிறது. தேர்வுத்தாள்களில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும் மாணவர்களுக்கு, ஒட்டியிருக்கும் திசையை ஒருமுறை கண்ணால் பார்த்தாலே போதும்.

உடன் வாழ்பவை

வோர்ட்டிசெல்லாவைப் பார்க்க, வைக்கோல் துண்டிலிருந்து மெல்லிய நாரை உரித்துத் தகட்டில் வையுங்கள். கவிழ்த்த மணிபோன்ற உடல், நீண்ட காம்பு. தகட்டை விரலால் மெல்லத் தட்டினால் எல்லாக் காம்புகளும் கண்ணிமைக்குமுன் சுருள்வில்லாகச் சுருண்டு, பிறகு நிதானமாக நீளும். இந்தச் சுருக்கத்தை இயக்குவது கால்சியம் புரதத்தோடு பிணைவது. நம் தசைகளைப்போல் அந்த நொடியில், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைச் செலவழித்துச் சுருங்குவதில்லை.

அமீபாவைத் தேடுபவர்கள் ஏமாற்றமடைவது, அது நகரும்வரை காத்திராததால்தான். அடிவண்டலில் ஒரு சொட்டு எடுத்து, மூடி, ஐந்து நிமிடம் தொடாமல் விட்டு, மங்கிய ஒளியில் பாருங்கள். சொட்டு எடுக்கும் அதிர்ச்சியில் உருண்டையாகிக் கிடந்தவை, மெல்லப் பொய்க்கால் நீட்டத் தொடங்கும். உள்ளே துகள்கள் ஒரு திசையில் ஓடுவது தெரிந்தால் அது அமீபா. தெரியாவிட்டால் அழுகிய இலைத் துணுக்காகவும் இருக்கலாம். பச்சை நிறமும் செந்நிறக் கண்புள்ளியும் கொண்டு, உடலை நெளித்து நீந்துவது யூக்ளினா. வெளிச்சமான இடத்தில் வைத்த குளத்து நீரில் அது அதிகம்.

ரோட்டிஃபர் என்னும் சக்கர உயிரியைக் கண்டு, பெரிய ஒருசெல் உயிரி என்று மயங்காதீர்கள். தலையில் இரண்டு சக்கரங்கள் சுழல்வதுபோல் இழைகள் துடிக்கும். தொலைநோக்கிபோல் உடலை நீட்டிச் சுருக்கும். உள்ளே தாடை அசைபோடும். அது ஆயிரத்தை ஒட்டிய செல்கள் கொண்ட விலங்கு. ஆயிரம் செல்கள் கொண்ட அதுவும் ஒற்றைச் செல்லான பாரமீசியமும் ஏறத்தாழ ஒரே நீளம் இருப்பது, அருகருகே பார்க்கும்போதுதான் வியப்பளிக்கும்.

இரண்டாவது சாடியையும் இதே நாட்களில் தவறாமல் பாருங்கள். அவரைவிதை வடிவக் கோல்போடாக்கள் அங்கே முதல் சில நாட்களிலேயே பெருகியிருக்கும். பாரமீசியத்தை அங்கே காண மாட்டீர்கள். கண்டால், சொட்டுக்குழாய் ஒரு சாடியிலிருந்து மற்றதற்குச் சென்றிருக்கிறது. சாடிக்கு ஒரு குழாய் என்று வைத்துக்கொள்வது அதனால்தான்.

வளர்ப்பைத் தொடர்தல்

நான்கைந்து வாரங்களில் பாரமீசியங்கள் குறையத் தொடங்கும். உணவு தீர்ந்திருக்கலாம்; அல்லது பீப்பாய் வடிவ டிடினியம் வந்து சேர்ந்திருக்கலாம். அது தன்னைவிடப் பெரிய பாரமீசியத்தை முழுதாக விழுங்கும் வேட்டையாடி. கண்ணில் பட்டால் வேறெல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அந்தக் காட்சியைப் பாருங்கள். வளர்ப்பைக் காப்பாற்ற வேண்டுமானால், குறைவதற்கு முன்பே, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, புதிதாகக் கொதிக்க வைத்து இரண்டு நாள் கலங்கவிட்ட ஊறலில் பழைய சாடியின் மேல்நீர் ஐம்பது மில்லிலிட்டரைச் சேர்த்துவிட வேண்டும். வைக்கோல் கிடைக்காத நகரங்களில், வேகவைத்த கோதுமை மணிகள் நான்கைந்தை நூறு மில்லிலிட்டர் நீருக்கு இட்டாலும் போதும்.

தூய பாரமீசியம் மட்டும் வேண்டுவோர், கழுத்து குறுகிய சீசாவில் கழுத்தின் அடிவரை ஊறலை நிரப்பி, அதன்மேல் சிறிது பஞ்சைத் தளர்வாக அடைத்து, பஞ்சுக்கு மேலே குளோரின் நீங்கிய தெளிந்த நீரை மெதுவாக ஊற்றி வையுங்கள். மறுநாள் பாரமீசியங்கள் பஞ்சின் வழியே மேலேறித் தெளிநீரில் திரண்டிருக்கும். சொட்டுக்குழாயால் எடுத்துப் புதிய ஊறலில் விடலாம். வேண்டாத ஊறலைக் கொட்டுமுன் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றுங்கள். வேறொரு குளத்திலோ கிணற்றிலோ ஊற்றாதீர்கள். வெந்த வைக்கோலைச் செடிகளின் அடியில் போட்டுவிடலாம்.